அச்சுப் பக்கமும் இணையத் திரையும்: பழந்தமிழ்ப் பனுவல் பதிப்பில் வடிவமைப்பின் பொறுப்பு

முன்னுரை

ஓலைச்சுவடிகளில் செய்யுள்கள் பெரும்பாலும் அடி பிரிக்கப்படாமல், சொல்லிடைவெளி இன்றித் தொடர்ந்து எழுதப்பட்டன. மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியே காணப்பட்டது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுத்தப்படவில்லை. இச்சுவடிகளை அச்சுக்குக் கொணர்ந்த பதிப்பாசிரியர்கள் எழுத்துகளைப் பெயர்த்து எழுதியதோடு அமையவில்லை. பக்கம் என்னும் புதியதோர் ஒழுங்கையும் உருவாக்கினர். சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகையும் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணியும் 1887இல் வெளிவந்தன. புறநானூறு 1894இல் வந்தது. இன்று இத்தகைய நூல்கள் அச்சிலிருந்து இணையத்துக்குப் பெயர்கின்றன. சுவடியிலிருந்து அச்சுக்குச் சென்றபோது பதிப்பாசிரியர் காட்டிய கவனம் இவ்விரண்டாம் பெயர்ச்சியில் காட்டப்படுகிறதா என்பதே இங்கு எழும் வினா.

பக்கம் உணர்த்துவது

சாமிநாதையர் பதிப்புகளின் ஒரு பக்கத்தில் மூலம், உரை, அடிக்குறிப்பு ஆகியவை தத்தம் இடத்தில் நிற்கின்றன. மூலமும் உரையும் எழுத்தளவால் வேறுபடுகின்றன. பிரதிபேதங்களும் ஒப்புமைப் பகுதிகளும் பக்கத்தின் அடியில் அமைகின்றன. எது ஆசிரியர் வாக்கு, எது உரையாசிரியர் விளக்கம், எது பதிப்பாசிரியர் துணிபு என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லால் கூற வேண்டிய தேவை அங்கு இல்லை. இருப்பிடமே அதனை உணர்த்திவிடுகிறது. தாளின் அகலமும் எழுத்தின் அளவும் அச்சிடும்போதே முடிவாகிவிடுவதால் இவ்வொழுங்கு எந்தப் படியிலும் மாறுவதில்லை.

இணையத்தில் இந்த உறுதி இல்லை. திரையின் அகலம், எழுத்துரு, எழுத்தின் அளவு ஆகியவற்றைப் படிப்பவரின் கருவி தீர்மானிக்கிறது. எனவே, அச்சுக்கு வடிவமைப்பவர் இடத்தை வரையறுக்கிறார். இணையத்துக்கு வடிவமைப்பவர் உறுப்புகளுக்கிடையிலான உறவைத்தான் வரையறுக்க இயலும். அச்சில் இடத்தால் உணர்த்தப்பட்டதை இணையத்தில் பெயரிட்டுச் சுட்ட வேண்டும். சுட்டாது விடப்படுவது, திரை மாறும்போது மறைந்துபோகும்.

இழப்பு நேரும் இடங்கள்

முதலாவது, அடியமைப்பு. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீராக வரும் என்பதை மாணவர் அச்சுப் பக்கத்தில் கண்ணாலேயே காண்பர். எழுத்தைப் பெரிதாக்கிக் கைப்பேசியில் படிப்பவருக்கு நாற்சீரடியின் இறுதிச் சீர் மடங்கி அடுத்த வரிக்கு இறங்கிவிடுகிறது. முச்சீரடி எது, மடங்கிய நாற்சீரடி எது என்பது விளங்குவதில்லை. அறுசீர், எண்சீர் விருத்தங்களின் அடியை மடக்கி, இரண்டாம் பகுதியை உள்தள்ளி அச்சிடுவது மரபு. தொடர்ந்து வரும் வெற்றிடங்களை ஒரே வெற்றிடமாகச் சுருக்குவது உலாவிகளின் இயல்பு. ஆதலால், வெற்றிடம் தட்டச்சு செய்து காட்டப்படும் உள்தள்ளல் திரையில் நிற்பதில்லை.

இரண்டாவது, பாடவேறுபாடு. நீண்டு செல்லும் திரைக்குப் பக்க அடி என்பது இல்லை. அடிக்குறிப்புகள் கோப்பின் இறுதிக்குச் செல்கின்றன. அல்லது மூலம் மட்டும் தட்டச்சு செய்யப்பட்டுக் குறிப்புகள் விடுபடுகின்றன. அவ்வாறு விடுபடும்போது, பல பாடங்களுள் பதிப்பாசிரியர் தெரிந்துகொண்ட ஒன்று ஐயத்துக்கு இடமற்ற ஒரே பாடமாகத் தோற்றம் கொள்கிறது. புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றில் சிதைந்த பகுதிகளைப் பதிப்பாசிரியர்கள் புள்ளிகளால் காட்டியுள்ளனர். அப்புள்ளிகளைத் தேவையற்ற குறிகள் எனக் கருதி நீக்கினால், சிதைந்த பாடல் முழுப்பாடலாகிவிடும்.

மூன்றாவது, எழுத்து வடிவம். 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய வடிவங்களுக்கும் இன்றைய வடிவங்களுக்கும் ஒருங்குறியில் தனித்தனிக் குறியீடுகள் இல்லை. எந்த வடிவம் தோன்றும் என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. அச்சு வரலாற்றை ஆராய்வோருக்கு இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

நான்காவது, திருத்தம். அச்சு நூலில் இரண்டாம் பதிப்பு தன்னை இரண்டாம் பதிப்பு என்றே அறிவித்துக்கொள்கிறது. இணையப் பனுவலில் ஒரு சொல் திருத்தப்பட்டால் முன்பிருந்ததன் சுவடு எஞ்சுவதில்லை. நேற்று மேற்கோள் காட்டப்பட்ட அடி இன்று வேறாக இருப்பின், ஆய்வாளர் தம் சான்றை எவ்வாறு நிறுவுவார்?

பக்கப்படம் மட்டும் போதுமா?

பழைய நூல்களின் பக்கங்களைப் படமாகவே ஏற்றிவிட்டால் சிக்கல் தீரும் என்பது ஒரு கருத்து. பக்கப்படம் அச்சுப் பதிப்பின் சான்றாவணம். அது கட்டாயம் பாதுகாக்கப்பட வேண்டும். எனினும், படத்தில் சொல்லைத் தேட இயலாது. சிறிய திரையில் அதனைப் படிப்பதும் அரிது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் பனுவல்களை எழுத்து வடிவில் வழங்கியதால்தான் தமிழ்நாட்டு நூலகங்களை அணுக இயலாத வாசகரும் அவற்றைப் படிக்க முடிகிறது. இப்பணியின் அருமை மறுக்கத்தக்கதன்று; இது அடுத்த நிலைக்கு உயர வேண்டும் என்பதே வேண்டுகோள்.

அச்சால் இயலாத சிலவற்றை இணையம் செய்யவும் வல்லது. சீர் பிரித்த பாடமும் சொற்பிரித்த பாடமும் வெவ்வேறு பயன் கொண்டவை. மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகள் பொது வாசகருக்குப் பெருந்துணை புரிந்தன. யாப்பை ஆராய்வோருக்குச் சீர் பிரித்த பாடமே வேண்டும். அச்சில் இரண்டையும் தர இரு நூல்கள் தேவை. இணையத்தில் ஒரே அடிக்கு இரு பாடங்களையும் இணைத்து வைத்து, வேண்டியதை வேண்டியபோது காட்ட இயலும்.

செய்யத்தக்கன

எந்தப் பதிப்பிலிருந்து பனுவல் எடுக்கப்பட்டது என்பதும் அப்பதிப்பின் ஆண்டும் கோப்பின் முகப்பில் இடம்பெற வேண்டும். அச்சுப் பக்கம் தொடங்கும் இடந்தோறும் அதன் எண் உள்ளே குறிக்கப்பட வேண்டும். அடியின் தொடக்கமும் முடிவும் குறியிடப்பட வேண்டும். திரை மடக்கினாலும் அடி அடியாகவே அறியப்படும். பாடவேறுபாடு உரிய சொல்லோடு பிணைக்கப்பட வேண்டும். திருத்தத்தின் நாளும் திருத்தியவர் பெயரும் பதிவாக வேண்டும். இவற்றுக்கெல்லாம் உரிய குறியீட்டு முறையை டி.இ.ஐ. எனப்படும் பனுவல் குறியீட்டு நெறிமுறை ஏற்கெனவே வகுத்துள்ளது.

முடிவுரை

எது மூலம், எது உரை, எது ஐயப்பாடு என்று பகுத்துக் குறிப்பது தட்டச்சுப் பணியோ தொழில்நுட்பப் பணியோ அன்று. அது பதிப்பாசிரியர் பணி. யாப்பறியாதவர் அடியைக் குறியிட இயலாது. சுவடியறியாதவர் சிதைவின் அளவை மதிப்பிட இயலாது. ஆகவே, இணையப் பதிப்பைத் தமிழ்த்துறைகள் கணினித் துறையிடம் ஒப்படைக்கத்தக்க புறவேலையாகக் கருதாமல், பதிப்பியல் பாடத்தின் ஒரு பகுதியாக ஏற்க வேண்டும். செம்மையாக முடிக்கப்பட்ட ஓர் இணையப் பதிப்பை ஆய்வேட்டுக்கு நிகராக மதிக்கவும் வேண்டும். ஓலையில் தெளிவின்றிக் கிடந்ததை அச்சுப் பக்கத்தில் தெளிவாக்கியது ஒரு தலைமுறையின் உழைப்பு. அத்தெளிவு திரையில் மீண்டும் கலங்காமல் காப்பது இத்தலைமுறையின் கடமை.