கந்தளாய்: கட்டியவனும் காப்பவனும்

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பர் கோணேசர் கல்வெட்டைச் சான்று காட்டுவோர். இரண்டாம் அக்கபோதி என்பர் சூளவம்சத்தைக் காட்டுவோர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கூட்டம் கூடிக் குளங்களைப் பற்றிப் பேச்செழுந்தால், இவ்வழக்கோடு அது முடிந்துவிடும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அவ்வணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை நினைவுகூர்வார் அரியர்.

மண்ணணை, கட்டி முடித்தபின் புகழ்ந்துகொண்டிருப்பதற்குரிய சின்னமன்று. நீர் எந்நேரமும் அதனூடாகக் கசிகின்றது. கசிவு தெளிந்திருக்குமாயின் பெரிதும் அஞ்சவேண்டியதில்லை. கலங்கி மண்ணோடு வெளிவருமாயின், அணையின் உட்புறம் அரிக்கப்படுகின்றது என்பதே பொருள். மதகை ஒட்டிய இடத்தில் இவ்வாபத்து மிகுதி. கறையான் புற்று, வேரோடிய மரம், அணைமேல் ஓடும் பாரவண்டி ஆகியனவும் கேடு செய்வன. இவற்றைக் கண்டறிய, அணையின் அடிவாரத்தில் நாள்தோறும் நடந்து பார்க்கும் ஆள் வேண்டும்.

முன்னாளில் அக்கடமை இராசகாரியத்தோடு பிணைந்திருந்தது. 1832 இல் அக்கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது, ஒழிந்தது நன்றே. ஆயின் குளம் பேணும் கடமையும் அதனோடு தளர்ந்தது. 1856 இல் நீர்ப்பாசனச் சட்டம் வரும்வரை ஆட்சியாளர் அதற்கு ஈடு தேடவில்லை!

“கட்டியவன் பெயர் வேண்டாமா?” என்பர். வேண்டும், வரலாற்று மாணவர் ஆராயட்டும். ஆனால் குளத்துக்கு உரிமை கோரும் பேச்சாளர், அதன் கசிவை அளந்தெழுதும் பதிவேடு எவர் கையிலுள்ளது என்றும், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அது விவசாயிகளுக்கு வாசிக்கப்படுகின்றதா என்றும் ஒருமுறையேனும் கேட்டதுண்டா?