துளைக்கருவியினுள்ளே ஒரு சல்லடை

நீரிறைக்கும் பம்பின் உறிஞ்சு குழாயைக் கிணற்றினுள் இறக்கும் கமக்காரர் எவரும் அதன் நுனியிற் சல்லடை இருக்கிறதா என்று பாராமல் இறக்குவதில்லை. சல்லடை உடைந்திருந்தாற் கம்பிவலைத் துண்டொன்றைச் சுற்றிக் கட்டியாவது இறக்குவர். பாசியும் சருகும் சிறுகல்லும் பம்பினுட் புகுந்தால் என்ன நேரும் என்பதை அவருக்கு ஒருவர் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கமக்காரர் தமது கிணற்றை ஆழமாக்குவதற்குப் பாறை துளைக்கும் கருவியை வாடகைக்கு அமர்த்தும்போது, அக்கருவியினுள்ளும் ஒரு சல்லடை இருக்கவேண்டும் என்பதை அறியார். அறிந்தாலும் அது கருவியின் சொந்தக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டிய விடயம் என்று விட்டுவிடுகின்றார். அவ்வாறு விடுவதனால் நட்டமடைபவர் பெரும்பாலும் கமக்காரரே ஆதலின், இது பற்றிச் சிறிது விரிவாக எழுதலாமென்று எண்ணினேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். வவுனியா, அநுராதபுரம் முதலிய வரண்ட வலயப் பகுதிகளில் இருப்பதோ கடினமான கருங்கற் பாறை. இப்பாறையைத் துளைத்து வெடி வைப்பதற்கு ஜாக்கமர் என்று நம்மவர் வழங்கும் கருவி பயன்படுகின்றது. உழவு யந்திரத்தோடு பூட்டிய காற்றமுக்கியிலிருந்து, அதாவது கொம்பிறசரிலிருந்து, றப்பர்க் குழாய் வழியாக அமுக்கிய காற்று இக்கருவிக்கு வருகின்றது. சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 90 இறாத்தல் அமுக்கத்தில் வரும் அக்காற்று, உள்ளேயிருக்கும் முசலத்தை மேலும் கீழுமாக ஓட்ட, முசலம் துளைக்கம்பியின் தலையில் நிமிடத்துக்கு 2000 தடவை அளவில் இடிக்கின்றது. உரலில் உலக்கை இடிப்பது போன்ற வேலைதான். ஆனால் இவ்வுலக்கை உரலின் சுவரை ஒட்டியே ஓடுகின்றது. முசலத்துக்கும் அதனைச் சூழ்ந்த உருளைக்கும் இடையிலுள்ள வெளி ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பே.

அந்த வெளியினுள் ஒரு மணல் நுழைந்தால் என்ன ஆகும்? நமது மணலிலும் கருங்கற்றூளிலும் குவாட்ஸ் என்னும் கனியம் உண்டு. கனியங்களின் கடினத்தைப் பத்துப் படிகளாக வகுத்துள்ளனர். அதிலே குவாட்ஸ் ஏழாம் படியில் நிற்கின்றது. சாதாரணக் கத்தியின் உருக்கு ஐந்தாம் படியைச் சிறிது கடந்தது. ஆதலின் குவாட்ஸ் மணல் உருக்கைக் கீறவல்லது. கீறல் விழுந்த இடத்தாற் காற்று கசியும். இடியின் வலு குறையும். கீறலிலிருந்து பெயர்ந்த உலோகத்தூள் மேலும் கீறலை உண்டாக்கும். ஈற்றில் முசலம் உருளையோடு இறுகி நின்றுவிடும். ஓட்டுபவர் முதலில் உணர்வது வலுக் குறைவை மாத்திரமே. அவர் பாறை கடினமாகிவிட்டது என்று எண்ணிக் கருவியை மேலும் அழுத்துவார்.

இக்கருவிகளுட் பலவற்றில் குழாய் பூட்டும் வாயிலின் உள்ளே பெருவிரலளவான ஒரு கம்பிவலைச் சல்லடையை ஆக்கியோரே அமைத்துள்ளனர். விலையோ அற்பம். ஆயினும் நான் கண்ட கருவிகளுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் அச்சல்லடை இருக்கவில்லை. எவரோ எப்போதோ கழற்றி எறிந்துவிட்டனர்.

ஏன் கழற்றினீர் என்று கேட்டால் இரண்டு விடைகள் வரும். கொம்பிறசரிலேயே காற்று வடி ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது ஒன்று. சல்லடை அடைபட்டு வலுவைக் குறைக்கின்றது என்பது மற்றது.

முதலாவது விடை பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த வடி தடுப்பது கொம்பிறசரினுட் புகும் தூசியை மாத்திரமே. அதற்கு அப்பால் உண்டாகும் அழுக்கை யார் தடுப்பார்? நமது நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. காற்றை அமுக்கி ஆறவிடும்போது அந்த ஈரம் நீராகித் தாங்கியின் அடியில் தேங்குகின்றது, தாங்கி துருப்பிடிக்கின்றது, துருச் செதில்கள் காற்றோடு குழாயில் ஓடுகின்றன. பழைய றப்பர்க் குழாயின் உட்புறம் எண்ணெயினால் ஊறி இளகிச் சிறு சிறு துண்டுகளாக உதிர்கின்றது. எல்லாவற்றிலும் பெரிய குற்றவாளி குழாயின் வாய். மாலையில் வேலை முடிந்ததும் குழாயைக் கழற்றி மண்மேல் எறிகின்றோம். மறுநாட் காலையில் கிணற்றடியிலுள்ள மணலின்மேல் இழுத்து வந்து அப்படியே பூட்டிக் காற்றைத் திறக்கின்றோம். வாயிற் புகுந்த மணல் முழுவதும் ஒரே வீச்சில் முசலத்தைச் சென்றடைகின்றது. அரிசியைக் கல்லரித்துவிட்டு மண் படிந்த பானையில் இட்டாற்போல இருக்கின்றது இவ்வேலை. கருவிக்கு மிக அண்மையில், அதாவது கருவியின் உள்ளேயே இருக்கும் சல்லடை ஒன்றுதான் வழியில் சேர்ந்த அழுக்கைத் தடுக்க முடியும். ஆகவே தொடக்கத்து வடி இருப்பது உட்சல்லடையை விலக்குவதற்குக் காரணமாகாது.

இரண்டாவது விடைக்கு நான் என் அனுபவத்தால் மறுமொழி கூறவேண்டும். அதில் எனக்கும் பங்குண்டு. நான் போதனாசிரியராக வந்த புதிதில், என் பிரிவிலுள்ள கமக்காரர் ஒருவர் ஆவணி மாதத்தில் தமது கிணற்றை ஆழமாக்கத் தொடங்கினார். நீர் மிகத் தாழ்ந்து நிற்கும் அம்மாதமும் அடுத்த மாதமுமே இவ்வேலைக்கு உகந்தவை. ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டால் பிறகு அடுத்த ஆண்டுதான். மூன்றாம் நாள் கருவியின் வலு குறைந்தது. ஓட்டுநர் குழாயைக் கழற்றி, துருவும் மணலும் அப்பியிருந்த சல்லடையை எடுத்துக் காட்டினார். "இதுதான் ஐயா, மூச்சைப் பிடிக்கிறது" என்று சொல்லி அதனைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு கருவியைத் திரும்பப் பூட்டினார். கருவி முன்னிலும் வேகமாக ஓடியது. நான் அருகில் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. கமப் பாடசாலையில் உழவு யந்திரத்தின் எண்ணெய் வடியைப் பற்றிப் படித்திருந்தும், இக்கருவிக்கும் அது பொருந்துமென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானத்துக்கு முன் கருவி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது உருளையின் உட்சுவர் முழுவதும் நெடுங்கீறல்களாக இருந்தது. புதிய உருளையும் முசலமும் வந்து சேர மூன்று கிழமைக்கு மேலாயிற்று. அதற்குள் மழை வந்தது, கிணறு நிரம்பியது, வேலை அரைகுறையாக நின்றது. அடுத்த சிறுபோகத்தில் அவர் அரை ஏக்கர் மிளகாய் நட்டார். காய் பிடிக்கும் பருவத்தில் நீர் போதாமல் அதிற் பெரும்பகுதியைக் கைவிட்டார். வாடகைப் பணத்தை எப்படியோ பேசித் தீர்த்துக்கொண்டனர். மிளகாய்க்கு எவரும் ஈடு கொடுக்கவில்லை, கேட்கவும் முடியாது.

அடைபட்ட சல்லடை குற்றம் செய்யவில்லை. அது முறைப்பாடு செய்தது. தாங்கியில் துரு இருக்கின்றது, குழாயில் மணல் இருக்கின்றது என்று அது சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. சுத்தமான சல்லடை, போதிய பரப்புள்ளதாயின், காற்றை உணரத்தக்க அளவுக்குத் தடுப்பதில்லை. ஒரு நாளில் இரண்டு தடவை அடைபடுமாயின் திருத்த வேண்டியது குழாயையும் தாங்கியையுமே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சல்லடை எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. நீர் அதனூடாகச் செல்லும். ஆதலின் தாங்கியின் அடியிலுள்ள வடிகுழாயை நாள்தோறும் திறந்து நீரைப் போக்கவேண்டும். மிக நுண்ணிய தூளும் செல்லும். அதனைத் தாங்குவதற்கே எண்ணெய்ப் படலம் இருக்கின்றது. எண்ணெய் இல்லாமல் ஓடும் கருவியைச் சல்லடை காப்பாற்றாது. சிலர் குழாயைச் சுத்தமாக்குவதாக எண்ணி மண்ணெண்ணெயை அல்லது டீசலைக் குழாயினுள் ஊற்றிக் காற்றைத் திறக்கின்றனர். அமுக்கிய காற்றும் எரிபொருளின் ஆவியும் சேர்ந்தால் வெடிக்கக்கூடும். சல்லடையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி நன்கு உலர்த்திப் பூட்டலாம். குழாயினுள் ஒருபோதும் ஊற்றலாகாது. குழாயிலுள்ள மணலைப் போக்குவதற்கு, கருவியைப் பூட்டுமுன் குழாயின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டு, எதிரே ஆளில்லாத திசையை நோக்கிச் சிறிது நேரம் காற்றை ஊதவிட்டாற் போதும். காற்றை அடைத்து அமுக்கத்தைப் போக்காமல் எந்தப் பூட்டையும் கழற்றுதல் கூடாது. அமுக்கத்தோடு கழன்ற குழாய் பாம்பைப்போலச் சுழன்று அடிக்கும்.

குழாய்க்கிணறு துளைக்கும் பெருங்கருவிகளில் விடயம் இன்னும் சிக்கலானது. அங்கே இடிக்கும் சம்மட்டி துளையின் அடியிலே, பல குழாய்த் தண்டுகளின் கீழே இருக்கின்றது. தண்டுகளின் உட்புறத்துத் துருவும், புரிகளிற் பூசிய கிறீசும், நிலத்தில் கிடத்தியபோது ஒட்டிய மண்ணும் யாவும் கீழ்நோக்கிச் சம்மட்டிக்கே செல்கின்றன. சம்மட்டியின் தலையிற் சல்லடை வைத்தால் அது அடைபடும்போது அத்தனை தண்டுகளையும் மேலே எடுக்கவேண்டும். காற்று நின்றாற் கல்லுத்தூள் துளையிற் படிந்து சம்மட்டி சிக்கிக்கொள்ளவும் கூடும். ஆகவே துளைப்போர் சல்லடையை வெறுப்பதிற் சிறிது நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளுகின்றேன்.

இதற்கு வழி வாய்க்காலிலேயே இருக்கின்றது. ஓடும் வாய்க்காலின் குறுக்கே மூங்கிற் தட்டியை வைத்தால் சருகு முழுவதும் அதில் வந்து அப்பி ஒரு மணித்தியாலத்தில் அணை கட்டினாற்போல் ஆகிவிடும். அதே தட்டியை வாய்க்காலின் பக்கத்தில், கிளைவாய்க்கால் பிரியுமிடத்தில் ஓட்டத்துக்கு நேராக வைத்தால், கிளைக்குத் தெளிந்த நீர் போகும். தட்டியில் ஒட்டும் சருகைப் பெருவாய்க்காலின் ஓட்டமே அடித்துக்கொண்டு போகும். துளைக்கருவிகளிலும் இவ்வாறு செய்யலாம். உள்ளே செல்லும் பாயி, அது காற்றாயினும் நீராயினும் சேறாயினும், முழுவதும் நுட்பமான பாகங்களுக்குப் போவதில்லை. ஒரு பகுதி துளையைக் கழுவுவதற்கே போகின்றது. கழுவப் போகும் பெரும்பகுதியை நேரே விட்டு, முசலத்துக்கோ உருளிகளுக்கோ செல்லும் பகுதியை மாத்திரம் பக்கச் சல்லடையால் வடித்தெடுத்தாற் சல்லடை தானாகவே சுத்தமாகும். எண்ணெய்க் கிணறு துளைப்போர் சேற்றின் அமுக்கத்தாற் சுழலும் துளைக்கருவிகளுக்குப் பாதுகாப்பாகத் தண்டினுள்ளே சல்லடை வைக்கின்றனர். சுவீடன் நாட்டு இரும்புச் சுரங்கங்களுக்கென ஆக்கப்பட்ட நீரால் இயங்கும் சம்மட்டிகளுக்கு வடித்த நீரையே செலுத்துகின்றனர். நமது நிலத்தின் பாறை அவற்றிலும் மென்மையானதன்று.

இக்காலத்திற் பெக்கோ யந்திரத்தின் கையிற் பூட்டிய கல்லுடைப்பானாலும் கிணறு தோண்டுகின்றனர். அது காற்றாலன்றி அமுக்கிய எண்ணெயால் இயங்குவது. காற்று வேலை முடிந்ததும் வெளியே போய்விடும். எண்ணெயோ திரும்பி வந்து மீண்டும் சுற்றும். ஆகவே அங்கே உடைப்பானிற் புகுந்த ஒரு பிடி மண் உடைப்பானோடு நில்லாது யந்திரத்தின் பம்பையும் வால்வுகளையும் சென்று கெடுக்கும். திரும்பும் வழியிலும் வடி வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். வாளியைக் கழற்றி உடைப்பானைப் பூட்டும்போது குழாய்வாய்கள் சேற்றிற் கிடக்கின்றனவா, மூடி போட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மூடியில்லாக் குழாயை அப்படியே பூட்ட முயல்பவரைத் தடுத்து, துடைத்துப் பூட்டச் சொல்வதற்கு வாடகை கொடுப்பவருக்கு உரிமையுண்டு.

கருவி வாங்க எண்ணும் கமக்காரர் அமைப்புகளுக்கு நான் சொல்வது இதுவே. விலைப்பட்டியலில் எடையையும் இடியின் எண்ணிக்கையையும் பார்ப்பதோடு, உட்சல்லடை உண்டா, அதனைக் கருவியைப் பிரிக்காமற் கழற்றிக் கழுவ முடியுமா, மாற்றுச் சல்லடை உள்ளூரிற் கிடைக்குமா என்று கேளுங்கள். பிரித்தாலன்றிக் கழுவ முடியாத சல்லடையை நமது ஓட்டுநர் எவரும் கழுவப்போவதில்லை; அதனையும் எறிந்தே விடுவர். வாடகைக்கு எடுப்போர் வேலை தொடங்கும் நாளிற் குழாயைக் கழற்றிச் சல்லடையைக் கண்ணாற் கண்ட பின்னரே சம்மதிக்கவேண்டும். இதனாற் சிலர் மனங் கோணக்கூடும், கோணட்டும்.

என் பிரிவிலுள்ள அமைப்பொன்று இப்போது இரண்டு மாற்றுச் சல்லடைகளை ஒரு பால்மாத் தகரத்தில் இட்டு, பழைய புடைவைத் துண்டாற் சுற்றி, கருவியோடு சேர்த்தே அனுப்புகின்றது. கருவி திரும்பி வரும்போது செயலாளர் முதலில் எண்ணுவது துளைக்கம்பிகளையல்ல, தகரத்திலுள்ள சல்லடைகளையே. ஒன்று குறைந்தால் அதன் விலை வாடகையோடு சேர்த்து எழுதப்படும். சென்ற சிறுபோகத்தில் அவ்வாறு இருவரிடம் அறவிட்டனர்.