இரகசியக் குறியீடு யாருடைய கையில்?

அண்மையில் கிளிநொச்சியில் ஒரு கொமினிகேசன் கடையில் நின்றிருந்தேன். புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து பேருந்தேறி வந்த தாயொருவர், உதவித்தொகை விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பித் தருமாறு கேட்டார். திரை கைபேசி இலக்கத்தைக் கேட்டது. அம்மாவிடம் கைபேசி இல்லை. கடைக்காரத் தம்பி தன் இலக்கத்தையே அடித்தார். இரகசியக் குறியீடு அவருடைய கைபேசிக்கு வந்தது.

"இனி எல்லாம் எனக்குத்தான் வரும் அம்மா, யோசியாதேங்கோ."

கட்டணம் 300 ரூபாய்.

2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகத்தைத் தோற்றுவித்தது. கிராமங்களுக்கும் இணையம் என்றார்கள். தெற்கின் ஊர்களில் 'நெனசல' நிலையங்கள் திறக்கப்பட்ட காலத்தில், 2006 ஆகஸ்டில், முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டது. 2009இல் முள்ளிவாய்க்காலுக்குள் ஒடுங்கிய எம்மவர் பலர் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பதுங்குகுழியிலேயே விட்டு வந்தார்கள். அவர்களிடம் வந்து காகிதமற்ற நிருவாகம் என்று பெருமை பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

நான் கணினிக்கு எதிரியல்லன். 2022இல் எரிபொருளுக்கு வந்த கியூஆர் முறை வரிசைகளைக் குறைத்ததை ஒப்புக்கொள்கிறேன். (அதற்கும் கைபேசி இல்லாதவர்கள் அயலவரைத்தான் நாடினார்கள்.) கடல் விழுங்கிவரும் துவாலு, நிலம் போனாலும் தேசத்தின் பதிவு எஞ்சவேண்டுமென்று 2022இல் தன்னை டிஜிட்டல் தேசமாக்கப்போவதாக அறிவித்தது. வன்னியில் நிலம் இருக்கிறது, பதிவுதான் போய்விட்டது.

ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இலவசமாக நிரப்பித் தரத் தமிழ் தெரிந்த ஓர் அலுவலரை அமர்த்துங்கள். கைபேசியற்றவருக்குக் குறியீட்டைக் கடிதத்தில் அனுப்புங்கள். அதுவரை இந்தச் சேவையை மக்கள் சேவை என்று அழைக்காதீர்கள்.

அந்தத் தம்பி நல்லவர்தான். கனடாவுக்குப் போக முயல்வதாகச் சொன்னார்.