பெருங்கப்பலைக் காப்பது எங்ஙனம்?

2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத் துறையினின்று, பொறி இயங்காப் பழங்கப்பல் ஒன்றை இழுவைக் கப்பல்கள் பிணித்து இழுத்துச் சென்றன. 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்பது அதன் பெயர். அலபாமா மாகாணத்து மொபீல் துறையில் தூய்மை செய்யப்பெற்று, பின்னர்ப் புளோரிடாக் கடலில் மூழ்கடிக்கப்பட்டு, மீன்கள் அடையும் செயற்கைப் பாராக ஆதற்கே அது சென்றது. ஒகலூசா என்னும் மாவட்டத்தார் அந்நோக்கத்துடன் 2024-இல் அதனை விலைக்குக் கொள்ள உடன்பட்டனர். இச்செய்தி கேட்டோருட் சிலர் அம்மாவட்டத்தாரை வைதனர். வேறு சிலர், வாடகையை உயர்த்தி வழக்காடிய துறையின் உரிமையாளரை வைதனர். அவ்வசவு சேருமிடம் தவறிச் சேர்ந்தது என்பதே என் கருத்து. இக்கப்பல் 2024-இல் இழக்கப்பட்டதன்று; அதற்கு நாற்பதாண்டு முன்னரே, அதன் உள்ளுடைமைகள் ஏலங் கூறப்பட்ட அன்றே, இழக்கப்பட்டுவிட்டது.

இழந்தது இன்னதென்று அறியாதார்க்கு இழப்பின் அளவு விளங்காதாதலின், கப்பலின் சிறப்பினைச் சிறிது கூறுதல் வேண்டும். அதனை வரைந்தமைத்தவர் வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ் என்னும் அமெரிக்கர். 990 அடி நீளமுடைய அக்கப்பல், 1952-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தன் முதற்பயணத்திலேயே 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் அட்லாண்டிக் மாகடலைக் கடந்தது. ஆங்கிலேயரின் 'குவீன் மேரி' 1938-இல் கடந்த காலத்தினும் இது பத்து மணி நேரம் குறைவாகும். அட்லாண்டிக் வழியில் ஓடிய பயணிப் பெருங்கப்பல்களுள் இவ்விரைவை விஞ்சியது பின்னர் ஒன்றும் தோன்றவில்லை.

கிப்ஸ் தீயைப் பெரிதும் அஞ்சியவர். 1934-இல் 'மாரோ காஸில்' என்னும் கப்பல் நியூஜெர்சிக் கரைக்கு அணித்தே எரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1942-இல் 'நார்மண்டி' என்னும் பிரெஞ்சுக் கப்பல் நியூயார்க்குத் துறையில் நின்றவாறே எரிந்து கவிழ்ந்தது. ஆதலின், தம் கப்பலில் மரம் புகுதலாகாது என அவர் உறுதி பூண்டார். மேற்றளங்கள் அலுமினியம், நாற்காலியும் கட்டிலும் அலுமினியம், திரைச்சீலைகளும் கண்ணாடி நூலால் நெய்யப்பட்டவை. இசைக்கும் பியானோவும், மடைப்பள்ளியில் இறைச்சி வெட்டும் கட்டையுமே அதில் மரமாக இருந்தன என்பர். அலுமினியத்தால் மேற்பகுதியின் பாரம் குறைந்தது. பாரம் குறையவே விரைவு மிக்கது. அச்சம் ஒன்றே காவலையும் விரைவையும் ஒருங்கே ஈன்றது வியப்பன்றோ!

கப்பலைக் கட்டிய செலவு ஏறத்தாழ 7 கோடியே 80 இலட்சம் டாலர். அதில் 5 கோடி டாலரளவு அமெரிக்க அரசாங்கமே கொடுத்தது. போர் மூளின், சின்னாட்களில் அதனைப் படைக்கலமாக மாற்றி, 14,000 வீரரை ஏற்றிச் செல்லலாம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அதற்கு ஒருபோதும் தேவை நேரவில்லை. ஆயினும், மக்கள் வரிப்பணத்தில் மிகுபங்கு கொண்டு சமைந்த கப்பல் அஃது என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

வானூர்திகள் அட்லாண்டிக் மாகடலைச் சில மணி நேரத்திற் கடக்கத் தொடங்கியபின், கப்பலேறுவார் குறைந்தனர். 1969-இல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' ஓய்வு கொண்டது. அன்று அதன் உள்ளறைகள் யாவும் முழுமையாக இருந்தன. அன்றே அரசாங்கமேனும் ஒரு நகரமேனும் அதனை ஏற்றிருப்பின், இக்கட்டுரைக்கே இடமிராது. அவ்வாறு நிகழவில்லை. தனியார் கைக்கு மாறிய கப்பலின் நாற்காலிகளும் பாத்திரங்களும் 1984-இல் ஏலத்திற் சிதறின. 1992-இல் துருக்கிக்கும், பின்னர்ச் செவஸ்தபோல் துறைக்கும் அஃது இழுத்துச் செல்லப்பட்டது. அங்கே உயிர்க்குக் கேடு செய்யும் கல்நாரை அகற்றுங்கால், அறைச்சுவர்களும் உடன் அகன்றன. 1996-இல் பிலடெல்பியாவை அடைந்தது இரும்புக்கூடேயன்றி வேறன்று. 2011-இல், கிப்ஸின் பேர்த்தியைத் தலைவியாகக் கொண்ட காப்புக் கழகம் ஒன்று, வள்ளல் ஒருவர் ஈந்த பொருளால் அதனை வாங்கியது. அவர்தம் அன்பினை யான் குறைத்துக் கூறேன். ஆயின், அன்பு துறைவாடகை கொடாது. தளமிட்டு, சுவரெழுப்பி, விடுதியாக மாற்றப் பல கோடி டாலர் வேண்டியிருந்தது. திட்டங்கள் ஒவ்வொன்றாய் வந்து மறைந்தன. ஈற்றில், துறையை விட்டு நீங்குமாறு நீதிமன்றம் 2024-இல் ஆணையிட்டது.

'கிரேட் பிரிட்டன்' கப்பலும் வெறுங்கூடாகத்தானே மீட்கப்பட்டது என்று வினவுவார் உளர். வினா தக்கதே. புருனெல் என்னும் பொறியறிஞர் அமைத்து 1843-இல் நீரிலிறங்கிய அவ்விரும்புக் கலம், பாக்லாந்துத் தீவில் கம்பளியும் நிலக்கரியும் இட்டுவைக்கும் கிடங்காகி, 1937-இல் ஒரு குடாவில் ஆழங்குறைந்த நீரில் அமிழ்த்தப்பட்டுக் கிடந்தது. 1970-இல் அதனை மிதவைமேல் ஏற்றிப் பிரிஸ்டல் நகரிற் கொணர்ந்து சேர்த்தனர். அது கட்டப்பட்ட உலர்துறையே அதற்காகக் காத்திருந்தது போல் அங்கே இருந்தது! அதன் நீளம் 322 அடியே. யுனைடெட் ஸ்டேட்ஸின் மூன்றிலொரு பங்கு. அதினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. உப்பூறிய இரும்பு, காற்றின் ஈரத்தாலும் அரிக்கப்படும் என ஆய்ந்தறிந்து, கப்பலைச் சுற்றி நீர்மட்டத்தளவில் கண்ணாடித் தளம் பரப்பி, அதன்கீழுள்ள காற்றைப் பொறிகளால் உலர்த்துகின்றனர். 2005 முதல் அவ்வேற்பாடு நடைபெற்று வருகிறது. கண்ணாடியின்மேல் சிறிதளவு நீர் நிற்பதால், காண்போர்க்குக் கப்பல் மிதப்பது போன்றே தோன்றும். கடலைக் கடப்பதற்கெனப் பிறந்த கலத்தை ஈரத்தினின்று காப்பதே அதன் காப்பாயிற்று. ஆயிரம் அடிக் கப்பலுக்கு இது செய்ய எத்துணைப் பொருள் வேண்டும்!

'குவீன் மேரி'யின் கதை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஓய்வு பெற்ற 1967-ஆம் ஆண்டிலேயே, கலிபோர்னியாவின் லாங் பீச் நகரத்தார் 34 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு அதனை வாங்கினர். கடலோர எண்ணெய்க் கிணறுகளின் வருவாய் அதற்கு உதவிற்று. மரவேலை மிக்க அதன் கூடங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. கப்பலோ நீரிலேயே நிற்கின்றது. குத்தகைக்கு எடுத்தோர் ஒருவர்பின் ஒருவராய்த் தளர்ந்தனர். பழுது நீக்க 20 கோடி டாலருக்கு மேல் வேண்டும் என 2017-இல் மதிப்பிட்டனர். 2020-இல் மூடிய வாயில் 2023-இலேயே திறந்தது. எனினும் கப்பல் உளது. குத்தகைக்காரர் விட்டுச் செல்லலாம். ஒரு நகரம் தன் உடைமையை விட்டு எங்கே செல்லும்?

ஆதலின் யான் வேண்டுவது இதுவே. பொதுப்பணத்திற் கட்டப்பட்ட பெருங்கப்பல் ஓய்வுறும் நாளில், அதனைக் காப்பதா உடைப்பதா என்பதை அதற்குப் பொருளளித்த அரசே அன்றே துணிதல் வேண்டும். காப்பதெனின், ஆண்டுதோறும் பழுது நீக்குதற்கும், இயலுமேல் உலர்துறைக்கும், முதல் ஒன்றை ஒதுக்கிவைத்தல் வேண்டும். காக்க இயலாதெனின், அதனையும் அன்றே வெளிப்படக் கூறலாம். உள்ளறைகளேனும் முழுமையாகக் கரையேறும். ஐம்பதாண்டு இரண்டுமின்றி நிறுத்திவைத்தல் துருவினுக்கே நலம் பயக்கும். பசித்தார் பலர் இருக்கப் பழைய இரும்பிற்குப் பொருள் எற்றுக்கு என்பாரும் உளர். எல்லாக் கப்பல்களையும் காக்குமாறு யான் கூறவில்லை. தலைமுறைக்கு ஒன்றிரண்டு போதும்.

காவாது விட்ட கப்பல் எங்கே செல்லும் என்பதை நம் நாட்டார் நன்கறிவர். 1,035 அடி நீளமுடைய 'பிரான்ஸ்' என்னும் அழகிய கப்பல், பிற்காலத்தில் 'நார்வே' எனப் பெயர் மாறி, 2006-இல் குஜராத்திலுள்ள ஆலங் கரைக்கு உடைபடுதற்கு வந்தது. அதிலிருந்த கல்நார் பற்றி நம் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது; ஈற்றில், அங்கேயே துண்டு துண்டாயிற்று. அதனை அறுத்தோர் நம் நாட்டுக் கூலியாட்கள். இதனோடு ஒப்புநோக்கின், புளோரிடாக் கடலடியிற் பாராகக் கிடத்தல் சிறிது மேலெனவே தோன்றுகிறது. 'ஒரிஸ்கனி' என்னும் போர்க்கப்பலை 2006-இல் அவ்வாறே அக்கடலில் அமிழ்த்தினர், மீன்கள் குடியேறின, முத்துக்குளிப்பார்போல் மூழ்கிக் காண்போரும் வருகின்றனர். ஆயினும் நீந்தவறியாத முதியோர், தம்மை ஏற்றிச் சென்ற கப்பலை அங்ஙனம் சென்று காணுதல் யாங்ஙனம்?

அவர்களுக்கென, கரையில் அருங்காட்சியகம் ஒன்று எழுப்பக் காப்புக் கழகத்தார் திட்டமிட்டனர். கப்பலின் மாபெரும் புகைபோக்கியைக் கரையில் நிறுத்துவதும், சிதறிய பொருள்களைத் தேடிச் சேர்த்து வைப்பதும் அதன் நோக்கம். 1984-இல் ஏலம் போன அலுமினிய நாற்காலிகளுட் சில, இனி அங்கே கண்ணாடிப் பேழையில் அமரும்.