யாருக்குத் தெரு?

எனக்கு ஊர் மயிலாடி. தெருவைப் பற்றிப் பேசவந்தால் பக்கத்துச் சுசீந்திரத்திலிருந்துதான் தொடங்க முடியும். எனக்க பாட்டா காலத்தில் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நாங்க நடக்கப்பிடாது. வண்டி மோதிவிடும் என்றா? எங்க நிழல் மோதிவிடும் என்று! வைக்கத்தில் 1924இல் தொடங்கிய போராட்டம் முடிந்தபோது மூணு பக்கத் தெரு திறந்தது. கிழக்கு அடைபட்டே கிடந்தது. சுசீந்திரத்தில் 1926இல் தொடங்கியது, 1936 கோயில் நுழைவுப் பிரகடனம் வரை இழுபட்டது.

இப்போது ‘எல்லோருக்குமான தெரு’ என்கிறார்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று சென்னை மாநகராட்சி 2014இல் கொள்கையே போட்டது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். நானும் நடந்து பார்த்தேன். காலுக்குச் சுகமாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கார்க்காரன் பிடுங்கியதில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஆனால் அதே ஓரத்தில் கடைபோட்டுப் பிழைத்தவர்களை 2013லேயே ஒரு கட்டடத்துக்குள் ஏற்றிவிட்டார்களே, அவர்கள் ‘எல்லோரில்’ சேர்த்தி இல்லையா?

விடியுமுன் அந்த நடைபாதையைப் பெருக்குகிறவர் யார்? அதற்கடியில் சாக்கடைக்குள் இறங்குகிறவர் யார்? மனிதரை இறக்கக்கூடாதென்று 2013இல் சட்டம் வந்தாச்சு, சாவு நிக்கல. தெருவுக்குப் படம் வரைகிற அய்யாமாரே, உங்கள் படத்தில் கிழவி, குழந்தை, சைக்கிள், மரம்கூட இருக்கிறது. அந்த இரும்பு மூடிப்பக்கம் எந்திர வண்டி நிற்க இடத்தையும், பெருக்குகிறவர் கைகழுவ ஒரு தண்ணிக்குழாயையும் முதலில் வரையுங்கள். மரத்தை அப்புறம் பார்க்கலாம்.