இருட்டோடு இருட்டாக...

புளியங்குடி பக்கம் ராத்திரி போயிருக்கிறீர்களா? திருமங்கலம் - கொல்லம் ரோட்டில் லாரிகள் பறக்க, ஓரத்தில் இருட்டோடு இருட்டாக ஒரு சைக்கிள் போகும். கேட்டால், 'எனக்குத்தான் ரோடு தெரியுதே!' என்பார். அண்ணாச்சி, லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டாமா?

ஒரு காலத்தில் லைட் இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். 6 வோல்ட், 3 வாட் டைனமோ டயரில் உரச, மிதிப்பதற்குள் முட்டி கழன்றுவிடும். சைக்கிள் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். இன்றைக்கு 1 வாட் எல்இடி அதைவிடப் பளிச்! 2,600 எம்ஏஹெச் லித்தியம் செல் ஒன்று போட்டால் சுமார் 8 மணி நேரம் எரியும்.

2017 ஏப்ரலிலிருந்து புது பைக்குகளுக்குப் பட்டப்பகலிலேயே ஹெட்லைட் எரிய வேண்டும். சைக்கிளுக்கு? 2020-ல் ரிஃப்ளெக்டருக்குத் தரம் நிர்ணயித்து உத்தரவு போட்டார்கள். ஆனால், ரிஃப்ளெக்டர் தானாக எரியாது சார், அடுத்தவர் வெளிச்சம் பட்டால்தான் மின்னும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் தரும் அரசு, கூடவே நல்ல விளக்கும் கட்டாயம் என்று டெண்டரிலேயே எழுதினால் கஜானா காலியாகிவிடுமா?

அதுவரை நாமே வாங்குவோம். முதலில் பின்னால் சிவப்பு. அப்புறம் முன்னால் வெள்ளை. அதையும் எதிரே வருபவர் கண் கூசாதபடி தரையைப் பார்த்து மாட்டுங்கள்.

சைக்கிள் தொலையக்கூடாது என்று பூட்டு வாங்குகிறோம். ஆள் தொலையக்கூடாது என்று விளக்கு வாங்க யோசிக்கிறோம். இது என்ன கணக்கு?