மூடப்படும் பந்தய மைதானங்கள்: லாயத் தொழிலாளரின் கைத்திறனுக்குச் சான்று எங்கே?

சிங்கப்பூரின் கிராஞ்சி மைதானத்தில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிக் குதிரைப் பந்தயம் நடந்து முடிந்தது. 1842இல் தொடங்கிய ஒரு வரலாறு அன்றோடு நின்றது. ஏறக்குறைய 120 ஹெக்டர் நிலம் 2027 மார்ச் மாதத்துக்குள் அரசாங்கத்திடம் திரும்ப வேண்டும். அங்கே வீடுகள் வரவிருக்கின்றன. அதே 2024ஆம் ஆண்டில் மக்காவிலும் பந்தயம் நின்றது. 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பைக் கலைக்க அதன் உறுப்பினர்கள் வாக்களித்ததும் அந்த ஆண்டில்தான். மலாயா காலம் முதல் ஒரே வட்டமாக இயங்கிய நான்கு கிளப்களில் இப்போது மிஞ்சியிருப்பவை ஈப்போவும் சுங்கை பீசியும் மட்டுமே.

"போகட்டும், சூதாட்டம் ஒழிந்தது" என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. அதில் நியாயமும் உண்டு. சம்பள நாளில் குதிரைக்குப் பணம் கட்டி, வெறும் கையோடு வீடு திரும்பிய அப்பாக்களைப் பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. ஆனால் பந்தயச் சீட்டு வாங்கியவர் வேறு, லாயத்தில் வேலை செய்தவர் வேறு. விடியுமுன் எழுந்து குதிரையைக் குளிப்பாட்டி, நடக்க விட்டு, கால் பிடித்துப் பார்த்துத் தயார் செய்த 'சைஸ்'களில் தமிழர்களும் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். மைதானம் மூடும்போது அவர்களுடைய தொழில் அறிவு என்ன ஆகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு

பந்தயம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். நீண்ட ஓய்விலிருந்து திரும்பிய குதிரையைப் புதிய பருவத்துக்குத் தயார் செய்ய ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். முதல் வாரங்களில் நடையும் மெல்லோட்டமும் மட்டும். பிறகு தூரம் கூடும், கடைசியில்தான் வேகம் கூடும்.

இதில் அவசரம் காட்டினால் ஆபத்து. குதிரையின் இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் வலுப்பெறாது, அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று நம்பி வேகத்தைக் கூட்டினால், இளம் குதிரைக்கு முன்னங்கால் எலும்பில் வலி கண்டுவிடும். ஏறக்குறைய 500 கிலோ எடையை அந்த மெல்லிய கால்கள்தான் தாங்குகின்றன.

தீவனமும் அப்படித்தான். ஓட்ஸைத் திடீரெனக் கூட்டினால் வயிற்றுவலி வரும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு தீவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒரு வாரமோ இரண்டு வாரமோ எடுத்துக்கொள்வார்கள். ஓய்வு நாளிலும் முழுத் தீவனம் போட்டால், மறுநாள் ஓடும்போது தசை இறுகிக் குதிரை அப்படியே நின்றுவிடும். திங்கள்கிழமை நோய் என்றே இதற்குப் பெயர். லாடத்தை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பயிற்சிக்கு இரும்பு லாடம், பந்தயத்துக்கு எடை குறைந்த அலுமினியம்.

வெப்ப நாட்டின் தனிச் சிக்கல்

இங்கே ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தவை. நம் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வியர்க்காத குதிரையின் உடல் சூடு இறங்காது. ஓடி வந்த பிறகும் தோல் காய்ந்திருக்கும், மூக்குத் துவாரம் விரிந்து வேகமாக மூச்சு வாங்கும். கவனிக்காமல் ஓட விட்டால் சுருண்டு விழுந்துவிடும்.

இதை முதலில் கண்டுபிடிப்பவர், தினமும் அதன் உடம்பைத் துடைத்துவிடும் சைஸ்தான். காலையில் நான்கு கால்களையும் தடவிப் பார்த்து, ஓரிடத்தில் மட்டும் சூடு தெரிந்தால் 'இன்று ஓட்ட வேண்டாம்' என்று பயிற்சியாளரிடம் சொல்பவரும் அவர்தான். தொட்டியில் தண்ணீர் குறையவில்லை, தீவனத்தில் பாதி மிச்சம் என்பதும் அவர் கண்ணில்தான் முதலில் படும். மருத்துவர் வருவதற்கு முன்பே பாதி நோயறிதல் முடிந்திருக்கும். பல ஆண்டுப் பழக்கத்தில் கைக்கு வந்த அறிவு இது. அவர் கையில் இதற்கு ஒரு தாள் கூடக் கிடையாது.

தோட்டம் சொல்லித் தந்த பாடம்

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும், பட்டையில் காயம் படாமல் பால் வெட்டத் தெரிந்தவர்கள் 'திறனற்ற தொழிலாளி' என்ற பெயரோடு பட்டணத்துக்கு வந்தார்கள். வேலையோடு வீடும் போனது. முப்பது ஆண்டுத் திறமைக்குச் சான்று இல்லாததால், பாதுகாவலர் வேலையும் துப்புரவு வேலையும்தான் கிடைத்தன.

நிலத்துக்கு மட்டும் எப்போதும் மறுவாழ்வு கிடைத்துவிடுகிறது. கோலாலம்பூரில் பழைய சிலாங்கூர் டர்ஃப் கிளப் இருந்த இடத்தில் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிறது. சிங்கப்பூரின் முதல் மைதானம் இருந்த ஃபேரர் பார்க்கில் பந்தயம் போய்விட்டது, லிட்டில் இந்தியாவின் 'ரேஸ் கோர்ஸ் ரோடு' என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே குதிரை வளர்த்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இப்போதே செய்ய வேண்டியவை

மலேசியாவில் லாய வேலையில் இருப்பவர்கள் முதலில் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். முதலாளி யார், கிளப்பா பயிற்சியாளரா? சேமநிதியும் சொக்சோவும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றனவா? 2018இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்தில் சந்தா இருந்தால்தான், ஆட்குறைப்பின்போது வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை கிடைக்கும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் ஏராளம்.

இரண்டாவது, திறன் சான்றிதழ். தேர்வு எழுதாமல், அனுபவத்தைக் கோப்பாகத் தொகுத்துக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெற 'பிபிடி' என்ற வழி இருக்கிறது. குதிரைப் பராமரிப்புக்கு இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேட்க, தனி ஒரு தொழிலாளியால் முடியாது. கிளப்களும், தொழிற்சங்கங்களும், நம் சமூக அமைப்புகளும் முன்வர வேண்டும். கிளப் இயங்கும்போதே பயிற்சியாளரிடம் அனுபவக் கடிதம் வாங்கி வைப்பதும் அவசியம். கலைக்கப்பட்ட கிளப்பில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

குதிரையேற்றப் பள்ளிகள், போலோ கிளப்கள், போலீஸ் குதிரைப் படை, கால்நடை மருத்துவமனை என்று இந்தத் திறனுக்கு வேறு இடங்களும் உண்டு. கையில் தாள் இருந்தால்தான் அந்தக் கதவுகளைத் தட்ட முடியும்.

பந்தயம் தொடர வேண்டுமா என்பதில் நமக்குள் கருத்து வேறுபடலாம். ஈப்போவிலும் சுங்கை பீசியிலும் இன்று விடியற்காலையில் குதிரையின் காலைத் தடவிப் பார்க்கும் ஒருவர், நாளை அந்த மைதானமும் போனால் 'திறனற்றவர்' என்று எழுதப்படக் கூடாது. அதில் நாம் ஒன்றுபடலாம். அதற்கான வேலையை மைதானம் மூடும் அறிவிப்பு வருமுன் தொடங்க வேண்டும்.